ஆறவிட்டுச் சுடுங்கள்: பி-91 குழாய் வெல்டிங்

அனல்மின் நிலையத்தில் கொதிகலனிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவிக் குழாய், 540 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆண்டுக்கணக்காக உழைக்க வேண்டும். பழைய பி-22 எஃகில் கேட்ட தடிமனில் ஏறக்குறைய பாதி போதும், பி-91-இல். 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், துளித்துளியாக வனேடியம், நியோபியம், நைட்ரஜன். ஆனால் இதன் வலு கலவையோடு நிற்பதில்லை. சூடேற்றி ஆற்றிய விதத்தில்தான் முழுதாக வருகிறது. வெல்டிங்கில் அது கெட்டால் குழாயே கெட்டது.

முதல் வேலை, உலோகக் கலவையைக் காட்டும் பி.எம்.ஐ. கருவியால் குழாயையும் ஃபில்லரையும் சோதிப்பது. துருப்பிடித்துக் கிடக்கையில் பி-22-ஐயும் பி-91-ஐயும் கண்ணால் பிரிக்க முடியாது. ஃபில்லர் பி-9 (B9) வகையாக இருக்கட்டும். அதில் நிக்கலும் மாங்கனீஸும் சேர்ந்து 1 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. கூடினால், பின்னால் தரும் சூட்டை உலோகம் தாங்காது.

அடுத்து ப்ரீஹீட். குறைந்தது 200 டிகிரி; பாஸ்களுக்கிடையே 300-ஐத் தாண்ட வேண்டாம். கேஸ் டார்ச் வேண்டாம், செராமிக் பேடும் தெர்மோகப்பிளும் வையுங்கள். ரூட் போடும்போது குழாயின் உள்ளே ஆர்கான் நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று அடுக்கு முடியும்வரை நிறுத்தாதீர்கள். இல்லாவிட்டால் உட்புறம் கருகிப் பொரிந்துவிடும்.

இனி வருவதுதான் பலர் கோட்டை விடும் இடம். பி-22-இல் பழகிய கை, கடைசி பாஸ் முடிந்த சூட்டோடு எஸ்.ஆர்.-க்கு (வெல்டிங்குக்குப் பின் தரும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் சூட்டுக்கு) ஏற்றிவிடும். பி-91-இல் அது கூடாது. போர்வை சுற்றி மெல்ல 80 முதல் 100 டிகிரிவரை இறக்கி, ஒரு மணி நேரமாவது வையுங்கள். அப்போதுதான் ஆஸ்டனைட் முழுதும் மார்டென்சைட்டாக மாறும். மாறாத மிச்சம் எஸ்.ஆர். முடிந்து ஆறும்போதுதான் மாறும். பதப்படாத அந்த மார்டென்சைட் நொறுங்கும் தன்மையுடையது. தடித்த குழாயில் வெளிப்புறம் 90 காட்டும்போது உட்சுவர் இன்னும் சூடாயிருக்கலாம், அதனால் அவசரம் வேண்டாம். அதற்காக நாள்கணக்கில் போட்டும் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் விரிசல் வரும்.

பிறகு எஸ்.ஆர்.: 760 டிகிரி, பத்துப் பதினைந்துக்கு மேல் விலகாமல். படுகிடையான குழாயில் சூடு மேலேறும். ஆகவே 12 மணி, 6 மணி இரு நிலையிலும் தெர்மோகப்பிள் தனித்தனியாகத் தேவை. 800-ஐத் தொட்டுவிட்டால் பக்கத்துக் குழாயும் சேர்ந்து கெடும். 2 மணி நேரத்துக்குக் குறைக்காமல் வைப்பது என் பழக்கம்.

கடைசியாக ஹார்ட்னஸ். மேல்தோலைச் சற்றுத் தேய்த்துவிட்டு அளவெடுங்கள். குழாயில் 190 முதல் 250 பிரினெல் வரை இருந்தால் சரி. வெல்டில் கூடுதலாக இருந்தால் மறுபடி எஸ்.ஆர். கொடுத்துத் திருத்தலாம். குறைந்திருந்தால் எஸ்.ஆர். உதவாது, எக்ஸ்ரேயில் குறையே தெரியாமல் இருந்தாலும் வெட்டி எறிவதே வழி. வெப்பநிலை பதிவான சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எஸ்.ஆர்.-க்கு முன் 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய கோடு அதில் இல்லையென்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.