ஓரறிவுக் காவலன்

தில்லியின் கரோல் பாக், இராமகிருஷ்ணபுரம், மயூர் விகார் முதலிய பகுதிகளில் தமிழர் பலர் வாழ்கின்றனர். பெற்றோர் பணிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் பல வீடுகள் பூட்டியே கிடக்கும். அவ்வீடுகளுக்குக் காவலாக அசைவு உணரியைப் பொருத்துவோர் உளர்.

பூட்டிய வீட்டினுள் வளர்ப்புப் பூனை மட்டும் இருக்கிறது எனக் கொள்ளலாம். அது கட்டிலிலிருந்து குதிக்கிறது. எச்சரிக்கை மணி அலறுகிறது. முதல் நாள் அண்டை வீட்டார் பதறி ஓடிவருவர். பத்தாம் நாள் ஒருவரும் எழுந்து பாரார். ‘புலி வருகிறது’ எனப் பொய்க்கூச்சல் எழுப்பிய சிறுவனின் கதை இங்கும் நிகழ்கிறது. உண்மையாகவே திருடன் வரும் நாளில் அம்மணியை யார் நம்புவர்?

இக்கருவி உருவத்தைக் காண்பதில்லை. உயிர்களின் உடலிலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் வெளிப்படுகின்றன. கருவியின் முகப்பிலுள்ள வில்லை, அறையைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறது. வெப்பமுள்ள உடல் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது, கருவியை அடையும் கதிரின் அளவு மாறுகிறது. அம்மாற்றமே மணியை ஒலிக்கச் செய்கிறது. மனித உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். பூனைக்கும் நாய்க்கும் 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். எனவே, வெப்பத்தை மட்டும் கொண்டு திருடனையும் பூனையையும் பிரித்தறிதல் அரிது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துரைக்கிறது. வெப்ப மாற்றம் ஒன்றையே அறியும் இவ்வுணரியை ஓரறிவுக் காவலன் எனலாம். அதன் குறையை நிறைப்பது ஆறறிவு உடைய மாந்தரின் பொறுப்பு.

தரையருகே நிகழும் சிறிய அசைவுகளைப் பொருட்படுத்தாத உணரிகள் கடைகளில் கிடைக்கின்றன. எவ்வளவு எடையுள்ள விலங்கு வரை அவை பொறுக்கும் என்பதும், எவ்வளவு உயரத்தில் பொருத்த வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். ஆயினும், பூனை அலமாரியின்மேல் ஏறினால் அவையும் ஏமாறும். ஆதலால் அலமாரி, படிக்கட்டு ஆகியவற்றை நோக்கி உணரியைப் பொருத்தலாகாது. வெப்பத்தோடு நுண்ணலையையும் பயன்படுத்தி, இரண்டும் ஒத்துரைத்தால் மட்டுமே மணியடிக்கும் கருவிகளும் உண்டு. கதவிலும் சன்னலிலும் காந்த உணரி பொருத்துவது எளிய வழி. கதவு திறந்தாலன்றி அது ஒலிக்காது.

உணர்திறனை மிகவும் குறைப்பது நல்வழியன்று. தில்லிக் கோடையில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கும். அப்போது அறையின் வெப்பமும் உடலின் வெப்பமும் நெருங்கிவிடுவதால், உணரி ஏற்கெனவே தடுமாறும். பூனைக்காகத் திறனையும் குறைத்தால் திருடனையும் அது காணாது விட்டுவிடும். பொய் உரைக்காத காவலனே வேண்டும். வாய் திறவாத காவலனால் பயனில்லை.

அருஞ்சொற்பொருள்
உணரி – உணர்ந்து அறிவிக்கும் கருவி
மாந்தர் – மக்கள்
அரிது – எளிதன்று

வினாக்கள்
1. உணரி பூனையைத் திருடனாகக் கொள்வது ஏன்?
2. கோடையில் உணர்திறனைக் குறைப்பதால் விளையும் தீங்கு யாது?
3. உங்கள் வீட்டில் உணரியை எங்குப் பொருத்துவீர்கள்? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.