டிப்ஸ் எவ்வளவு? மனக்கணக்கில் விடை காண்போம்

உணவு விடுதியில் பரிமாறியவருக்குப் பில் தொகைக்கு மேல் கொடுக்கும் பணத்தை ‘டிப்ஸ்’ என்கிறோம். பல நாடுகளில் இது கொடுப்பவரின் விருப்பம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இது ஏறத்தாழக் கட்டாயமான வழக்கம். மேசைக்கு வந்து பரிமாறும் விடுதிகளில், பில் தொகையில் 15 முதல் 20 விழுக்காடு வரை கொடுப்பது அங்கே மரபு. காரணம் என்ன?

அந்நாட்டுக் கூட்டரசு 2009-இல் வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டியது, 1991-இல் ஏற்பட்டபடி, மணிக்கு 2.13 டாலர்தான். மீதி 5.12 டாலரை டிப்ஸ் ஈடுசெய்ய வேண்டும். ஈடாகாவிட்டால் குறையும் தொகையை முதலாளி தரவேண்டும் என்பது சட்டம். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலான கூலியை வகுத்துள்ளன. எப்படியாயினும் அங்கே டிப்ஸ் என்பது வெறும் இனாம் அன்று. கூலியின் ஒரு பகுதி. எனவே கணக்கில் தவறினால் இன்னொருவரின் வருமானம் குறையும்.

கணக்கு கடினமானதா? இல்லை. பத்து விழுக்காடு காணத் தெரிந்தால் போதும். பில் தொகை 48 டாலர் என்று கொள்வோம். தசமப் புள்ளியை ஓரிடம் இடப்புறம் நகர்த்துங்கள்: 4.80. இது 10 விழுக்காடு. இதை இரட்டித்தால் 9.60, இது 20 விழுக்காடு. 4.80-உடன் அதன் பாதியான 2.40-ஐக் கூட்டினால் 7.20; இது 15 விழுக்காடு. 18 விழுக்காடு வேண்டுமா? 20 விழுக்காட்டிலிருந்து அதன் பத்திலொரு பங்கைக் கழியுங்கள்: 9.60 − 0.96 = 8.64.

பில் 47.83 டாலராக இருந்தால்? 48 என்றே வைத்துக்கொள்ளலாம். 17 சென்ட் கூட்டிக்கொண்டதால் 20 விழுக்காட்டில் வரும் வேறுபாடு 4 சென்ட்டுக்கும் குறைவு. ஆனால் தசமப் புள்ளியை ஓரிடம் தவறாக வைத்தால் 9.60 டாலர் 96 சென்ட்டாகிவிடும்! எந்தப் பிழை சிறிது, எந்தப் பிழை பெரிது என்று அறிவதும் கணிதமே.

நியூயார்க் நகரில் ஒரு குறுக்குவழி உண்டு. பில்லில் விற்பனை வரி தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அதை இரட்டித்தால் டிப்ஸ் கிடைத்துவிடும். அங்கே வரி 8.875 விழுக்காடு. இருமடங்கு 17.75 விழுக்காடு, மரபுக்குள் அடங்குகிறது. 48 டாலருக்கு வரி 4.26, டிப்ஸ் 8.52.

இதே வழியை ஆரிகன் மாநிலத்தில் கையாண்டால் என்ன ஆகும்? அங்கே விற்பனை வரியே கிடையாது. சுழியை இரட்டித்தாலும் சுழிதானே! பரிமாறியவர் வெறுங்கையோடு நிற்பார். ஒரு குறுக்குவழி ஏன் பலிக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், அது எங்கே பலிக்காது என்பதும் தெரியும். பத்து விழுக்காட்டு வழியோ எந்த ஊரிலும் பலிக்கும்.

இனி நீங்களே செய்து பாருங்கள்:

1. பில் 64 டாலர். 15 விழுக்காடு எவ்வளவு?

2. பில் 50 டாலர். 18 விழுக்காடு எவ்வளவு? (குறிப்பு: 50-இல் 18 விழுக்காடும் 18-இல் 50 விழுக்காடும் சமம். ஏன்?)

விடைகள்: 1) 9.60 டாலர். 2) 9 டாலர். 50 × 18 ஆனாலும் 18 × 50 ஆனாலும் பெருக்கற்பலன் ஒன்றே. அதை 100-ஆல் வகுக்கிறோம், அவ்வளவுதான்.