கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

திண்டிவனம், மயிலம் பக்கம் சொந்த நிலத்தில் மண்கரை போட்டுத் தண்ணீர் தேக்கியிருப்பவர்கள், ஐப்பசி பிறக்குமுன் கரையை அளந்து, அதற்குக் கீழே நடந்து பார்க்க ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அப்படியொரு ராத்திரியில் அளவெடுக்க முடியாது.

முதலில் உயரம். கரை உச்சிக்கும் வெளிப்பக்க அடிவாரத்தின் ஆகப் பள்ளமான இடத்துக்கும் உள்ள வித்தியாசம். கொத்தனாரின் டியூப் லெவல் போதும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளைப் பிடிக்கும். 10 முதல் 15 மீட்டர் என்றால், 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் பத்தடிக் கரை அதில் வராது. ஆகவே எந்த இன்ஜினியரும் தேடி வரப்போவதில்லை.

அடுத்து கொள்ளளவு. நீர்ப்பரப்பை ஆழத்தால் பெருக்கி, அதில் ஐந்தில் இரண்டு பங்கு எடுங்கள். இரண்டு ஏக்கர், 3 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 96 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 800 ஒரே நேரத்தில் கவிழ்ந்தது மாதிரி.

இனிதான் முக்கிய வேலை. கலங்கலிலிருந்து ஓடை வழியே இறங்கி நடங்கள். பலர் கரை பலமாக இருந்தால் ஆபத்து குறைவு என்று வகைப்படுத்திவிடுகிறார்கள். தப்பு. உடைந்தால் கீழே என்ன போகும் என்பதுதான் வகை. வெறும் கரம்பு என்றால் குறைந்த ஆபத்து. மோட்டார் கொட்டகை, நெல்வயல், ஊர்ச்சாலை என்றால் நடுத்தரம். ஆள் தூங்குகிற ஒரே ஒரு வீடு இருந்தாலும் உயர்ந்த ஆபத்துதான். செங்கல் சூளைக் குடிசையும் வீடுதான். நெடுஞ்சாலைக் கல்வெர்ட்டையும் குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பும்.

உடைந்தால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கில், 1874இல் பிரிவி கவுன்சில் அவரை விடுவித்தது. பரம்பரையாக ஊருக்காகக் காத்துவந்த ஏரி, அலட்சியமும் இல்லை என்பது காரணம். உங்களுக்காக நீங்களே போட்ட கரைக்கு அந்தச் சலுகையை நம்பாதீர்கள்.

திரும்பி வரும்போது வெளிச்சரிவைப் பாருங்கள். எலி வளை, நண்டு வளை, சீமைக்கருவேல வேர். கசிவு இருந்தால் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் வாரம் ஒருமுறை பாருங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது: மதகைத் திறந்து மட்டத்தை மெதுவாகக் குறையுங்கள். வெளியிலிருந்து களிமண் வைத்து அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு வழி தேடும். ஆற்றுமணல் பரப்பி மேலே ஜல்லி போட்டால் நீர் வடியும், மண் நிற்கும்.

கலங்கலில் மீனுக்காகக் கட்டிய வலையை அவிழ்த்துவிடுங்கள். கீழ்வீட்டுக்காரர் செல்பேசி எண்ணையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐயும் மோட்டார் கொட்டகைக் கதவில் பெயின்டால் எழுதுங்கள்.