காசல்ரீ தண்ணியும் கம்பியில் வரும் கரண்டும்

விஞ்ஞானப் பாடத்தில் ‘மின் அழுத்தசக்தி’ என்று வந்ததும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நம்ம மலைநாட்டுப் பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். தண்ணி சும்மா நிற்கும்போதே, உயரத்தில் நிற்பதால் அதற்குள் சக்தி இருக்கிறது. குழாய் வழியே இறங்கி நோட்டன் பிரிட்ஜில் சக்கரத்தைச் சுற்றுவது அந்தச் சக்திதான். அந்த மின்நிலையத்துக்குப் பெயர் விமலசுரேந்திர. இந்த ஆறுகளில் கரண்ட் எடுக்கலாம் என்று 1918இலேயே சொன்ன பொறியியலாளர் அவர். லக்ஷபானவில் முதல் கரண்ட் வந்ததோ 1950இல்தான்!

1 லீற்றர் தண்ணி 100 மீற்றர் இறங்கினால் 980 யூல் சக்தி கிடைக்கும். கரண்டிலும் இதே கதைதான். தண்ணிக்குப் பதில் மின்னேற்றம், அதை அளப்பது கூலோமில். உயரத்துக்குப் பதில் வோல்ற். இரண்டையும் பெருக்கினால் யூல். டோர்ச் லைட்டில் இரண்டு பற்றரி, 3 வோல்ற். 1 கூலோம் ஓடினால் 3 யூல். லயத்து லைனில் 230 வோல்ற். அதே 1 கூலோமுக்கு 230 யூல். பற்றரியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, லைனைத் தொட்டால் ஆளே போய்விடுவது இதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். சக்தியைக் கொடுப்பது உயரம் அல்ல, உயர வித்தியாசம். கம்பியில் உட்காரும் குருவிக்கு இரண்டு காலிலும் ஒரே வோல்ற், அதனால் தப்பிக்கிறது.

இப்போது மின்னலுக்கு வருவோம். மேகத்துக்கும் தரைக்கும் 10 கோடி வோல்ற், இறங்குவது 10 கூலோம் என்று வைத்தால் 100 கோடி யூல். வீட்டு மீற்றர் கணக்கில் சுமார் 280 யுனிட்தான். ஆனால் அவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் இறங்குகிறது. மலையில் சவுக்கு மரத்தில் விழுந்தால் மரத்தடித் தரையிலும் வோல்ற் ஏறும்; மரத்துக்குக் கிட்ட அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. கால்களை அகட்டி நின்றால் ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் வித்தியாசம் வந்து, உடம்பு வழியாகக் கரண்ட் பாயும். மாட்டுக்கு முன்காலும் பின்காலும் தூரம். மரத்தடியில் மாடுகள் சாவது இதனால்தான்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி அதிகம். இடிச் சத்தம் கேட்டதுமே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு கட்டடத்துக்குள் போங்கள். நிறை குறையுமே என்று மரத்தடியில் ஒதுங்காதீர்கள். போக வழியே இல்லையென்றால் மரத்தை விட்டு விலகி, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல், இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: நாலு பற்றரி போட்ட ரேடியோவில், 6 வோல்ற்றில், 50 கூலோம் ஓடினால் எத்தனை யூல்? (விடை: 300)