வெப் பக்கத்துக்கு ஒரு தமிழ் எழுத்துரு: 6 எப்போது 8 ஆகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் செய்து பார்க்கும் வேலை ஒன்று உண்டு. வேர்ட் புரோகிராமைத் திறந்து, நம் பெயரை டைப் செய்து, ஃபாண்ட் பட்டியலில் உள்ள எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மாற்றி, எது அழகாக இருக்கிறது என்று பார்ப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சாப்ட்வேர் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த பின்னர், நானே ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்கி வெப் பக்கத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆறு மாதம் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து உருவாக்கியும் விட்டேன். அந்த எழுத்துருவால் என் அம்மா ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார். அதில் நான் கற்றுக்கொண்ட பாடம்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் பஸ் நேரங்களைத் தொகுத்து, வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பதற்காக ஒரு சிறிய வெப் பக்கம் தயாரித்தேன். அதில் என் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்தினேன். சென்னையில் என் புதிய மானிட்டரில் அது பளிச்சென்று இருந்தது.

அம்மா கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தார். பஸ் காலை 6.10க்கு. அப்பாவின் பழைய லேப்டாப்பில் என் பக்கத்தைப் பார்த்த அம்மா, அதை 8.10 என்று படித்துவிட்டு ஏழே முக்காலுக்கு ஸ்டாப்புக்குப் போயிருக்கிறார். அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான். டோக்கன் வீணானது. அன்று இரவு போனில், "கண்ணாடி பவர் ஏறிடுச்சுப்பா, 6 எல்லாம் 8 மாதிரி தெரியுது" என்றார். என் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் பரிசோதித்த டாக்டர், பவர் மாறவில்லை, பழைய கண்ணாடியே போதும் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. ஊருக்குப் போனபோது அதே லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கும் 6 என்பது 8 ஆகத்தான் தெரிந்தது.

பிக்ஸெல் கணக்கு

மானிட்டரில் நாம் பார்ப்பது எல்லாம் பிக்ஸெல் எனப்படும் சிறு சிறு புள்ளிகளால் ஆனவை. எழுத்துருவை வரையும்போதோ நாம் பிக்ஸெல்லில் வரைவதில்லை. ஒரு கற்பனைச் சதுரத்தில், வளைகோடுகளால் வரைகிறோம். என் எழுத்துருவில் அந்தச் சதுரத்தின் உயரம் 1000 அலகுகள்.

அப்பாவின் லேப்டாப் 1366க்கு 768 பிக்ஸெல் கொண்டது. வெப் பக்கத்தில் எழுத்தின் அளவு 16 பிக்ஸெல். அப்படியானால் ஒரு பிக்ஸெல்லுக்கு 1000 வகுத்தல் 16, அதாவது 62.5 அலகுகள். 6 என்ற எண்ணில், மேல் வளைவின் நுனிக்கும் கீழ் வட்டத்துக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளி 40 அலகுகள் மட்டுமே. அதாவது, முக்கால் பிக்ஸெல் கூட இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய அந்த இடம் சாம்பல் நிறமாகி அடைந்து போனது. வாய் மூடிய 6, 8 ஆகிவிட்டது.

என் புதிய மானிட்டரில் அதே அளவு இடத்தில் பிக்ஸெல்கள் இரு மடங்கு நெருக்கமாக இருந்ததால் தவறு தெரியவில்லை. நான் சோதித்தது என் மானிட்டரில். படித்தவர் உட்கார்ந்திருந்தது வேறு மானிட்டரின் முன்னால்.

வெர்டானா காட்டும் வழி

இந்தச் சிக்கலை நம் எல்லோருக்கும் முன்பே சந்தித்துத் தீர்த்தவர் ஒருவர் இருக்கிறார். மாத்யூ கார்ட்டர் என்ற எழுத்துரு வடிவமைப்பாளர், மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த வெர்டானா என்ற ஆங்கில எழுத்துரு 1996ல் வெளியானது. அதுவரை பெரும்பாலும் அச்சுக்காக வரைந்த எழுத்துகளையே திரைக்குக் கொண்டு வந்தார்கள். கார்ட்டர் தலைகீழாகத் தொடங்கினார். முதலில் சிறிய அளவுகளில் எந்தெந்த பிக்ஸெல் எரிந்தால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்று முடிவு செய்தார். பின்னர்தான் அதற்கு ஏற்ப வளைகோடுகளை வரைந்தார். எந்த அளவில் எந்த பிக்ஸெல் எரிய வேண்டும் என்று எழுத்துருவுக்குள்ளேயே கட்டளைகள் எழுதி வைப்பதற்கு ஹின்டிங் என்று பெயர். வெர்டானாவுக்கு அதைச் செய்தவர் டாம் ரிக்னர்.

வெர்டானாவில் டைப் செய்து பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ, சிறிய எழுத்து எல், 1 என்ற எண் ஆகிய மூன்றும் பல எழுத்துருக்களில் ஒரே நேர்க்கோடாகத் தெரியும். வெர்டானாவில் ஐ எழுத்துக்கு மேலும் கீழும் குறுக்குக் கோடு உண்டு, 1க்கு அடிக்கோடு உண்டு, எல் மட்டும் வெறும் கோடு. எழுத்துகளுக்கு இடையே தாராளமான இடமும் உண்டு.

தமிழில் எங்கே கவனம் தேவை?

நம் மொழியில் எழுத்துகள் சுழிகளால் வேறுபடுகின்றன. சுழி அடைந்தால் சொல்லே மாறிவிடும். என் எழுத்துருவைத் திருத்தும்போது இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்:

விடு - வீடு
தென் - தேன்
எடு - ஏடு
மணம் - மனம்
பல - பல்

வி, வீ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலே உள்ள ஒரு சிறு சுழி. தென், தேன் இரண்டையும் பிரிப்பதும் கொம்பின் சுழிதான். ஏ என்பதற்குக் கீழே ஒரு சாய்கோடு. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. பல, பல் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு புள்ளி. ர என்ற எழுத்தையும் துணைக்காலையும் பிரிப்பது ர எழுத்தின் அடியில் உள்ள சிறு சாய்வு. இவை ஒவ்வொன்றுக்கும் 16 பிக்ஸெல் அளவில் குறைந்தது ஒரு முழு பிக்ஸெல் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். புள்ளியைப் பெரிதாக்கினேன். 6ன் இடைவெளியை 40 அலகிலிருந்து 110 ஆக்கினேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "புதிதாக வீடு கட்டினோம்" என்ற வரியில் வீ சரியாகத் தெரியாவிட்டாலும் மனது சரி செய்து படித்துவிடும். ஆனால் பஸ் நேரம், போன் நம்பர், மாத்திரை அளவு, ஒருவரின் பெயர் போன்றவற்றில் முன்பின் சொற்களின் உதவி கிடையாது. அங்கே எழுத்துருதான் முழுப் பொறுப்பு.

வரைந்தால் மட்டும் போதுமா?

போதாது. தமிழ் எழுத்துகள் 247 என்று படித்திருக்கிறோம். ஆனால் யூனிகோட் தமிழ்ப் பகுதியில் உள்ள குறியீடுகள் 72 தான். மீதியை எழுத்துருவும் கம்ப்யூட்டரும் சேர்ந்து உருவாக்க வேண்டும். "கெ" என்று டைப் செய்தால், கம்ப்யூட்டர் முதலில் க, அடுத்துக் கொம்பு என்றுதான் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் இரண்டு பக்கமும் குறி வர வேண்டும். உகர, ஊகார வரிசைகளில் கு, சு, து, ரு என்று ஒவ்வொன்றும் தனி வடிவம். 18 மெய்களுக்கு 36 வடிவங்கள். இவற்றை இணைக்கும் விதிகளை எழுத்துருவுக்குள் எழுத வேண்டும். ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச புரோகிராமில் வரைவது, விதிகள் எழுதுவது இரண்டையும் செய்திடலாம்.

வெப் பக்கத்தில் சேர்ப்பது எப்படி?

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பல தமிழ் வெப் பக்கங்களில் "இந்த எழுத்துருவை டவுன்லோட் செய்யவும்" என்ற அறிவிப்பு இருக்கும். செய்யாவிட்டால் புரியாத குறிகள்தான் தெரியும். இன்று அந்தத் தொல்லை இல்லை. எழுத்துருவை வோஃப் 2 என்ற வகை ஃபைலாகச் சுருக்கி, அது எங்கே இருக்கிறது என்று பக்கத்தின் சி.எஸ்.எஸ். பகுதியில் குறிப்பிட்டால், பிரவுசர் தானே எடுத்துக்கொள்ளும். 2018ல் வெப் தர அமைப்பான டபிள்யூ3சி இதனைப் பரிந்துரையாக ஏற்றது. எழுத்துரு வந்து சேரும் வரை கம்ப்யூட்டரில் ஏற்கனவே உள்ள எழுத்துருவில் காட்டும்படி அமைத்திடவும். இல்லையேல், இணைய வேகம் குறைந்த இடங்களில் படிப்பவர் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரிகளுக்கு இடையே எழுத்து அளவைப் போல ஒன்றரை மடங்கு உயரம் கொடுங்கள். மேல் வரியின் "ழு" கீழ் வரியின் புள்ளியில் மோதாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

எழுத்துரு உருவாக்காவிட்டாலும் சரியானதைத் தேர்ந்தெடுக்க இந்தச் சோதனை உதவும். வேர்டில் மேலே உள்ள சொற்களையும் 3, 6, 8, 9 ஆகிய எண்களையும் வரிசை மாற்றி டைப் செய்திடவும். எழுத்தின் அளவை 10 ஆக வைத்திடவும். விண்டோஸுடன் வரும் நிர்மலா யு.ஐ. எழுத்துருவில் ஒரு முறை, கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ஒரு முறை, உங்களுக்குப் பிடித்த அலங்கார எழுத்துருவில் ஒரு முறை அமைத்திடவும். பின்னர் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரை, வீட்டிலேயே பழைய கம்ப்யூட்டரில், சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்காதீர்கள், டைப் செய்தவர் கண்ணுக்குத் தவறு தெரியாது. அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது அவர் தன் கண்ணைத்தான் குறை சொல்வார். நம்பிவிடாதீர்கள், முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். திருத்திய எழுத்துருவை அப்பாவின் லேப்டாப்பில் காட்டியபோது, அம்மா பஸ் நேரங்களை மேலிருந்து கீழே மளமளவென்று படித்தார். முடித்துவிட்டு, "புதுக் கண்ணாடி வாங்காததும் நல்லதாப் போச்சு" என்றார்.