கட்டி சூலகத்தில், கடுப்பு சலத்திலா?

கேள்வி: என் ராத்தாவுக்குச் சூலகத்தில் டெர்மாய்ட் கட்டி. புற்றுநோய் இல்லையாம். ஆனால் சலக்கடுப்பு அடிக்கடி வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, சவளக்கடை

பதில்: இருக்கலாம். பெரும்பாலும் சலக்கடுப்பு சாதாரணக் கிருமித் தொற்றுதான். ஆனால் கட்டி பெரிதானால் சலப்பையை அழுத்தி அடிக்கடி சலம் போக வைக்கும். சிறுநீர்க்குழாயை அழுத்தினால் சத்தமில்லாமல் சிறுநீரகம் வீங்கும். ஆகவே ஸ்கேன் எடுக்கையில் சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிதான ஒன்றும் உண்டு. டெர்மாய்ட்டுக்குள் கொழுப்பும் முடியும், சிலவேளை பல்லும் இருக்கும். அது அழற்சியுற்றுச் சலப்பையோடு ஒட்டி, சுவரைத் துளைத்துவிட்டால் சலத்தில் முடி வரும். மலக்குடலைத் துளைத்தால் மலவாசல் வழியே வரும். இதைக் கண்ட பெண்கள் செய்வினை என்று பயந்து மறைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அது வெறும் உடல்நோய். சத்திரசிகிச்சையில் கட்டியை எடுத்துத் துளையைத் தைத்துவிடலாம்.

சூலகத்தில் வரும், புற்றுநோயல்லாத வேறொரு வகைக் கட்டியான ஃபைப்ரோமா, அரிதாக வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் சேர்க்கும். புற்றுநோய் முற்றிவிட்டது போலவே தோன்றும். கட்டியை எடுத்ததும் நீர் வற்றிவிடும். 1937இல் பொஸ்டன் வைத்தியர் மெய்க்ஸ், காஸ் என்பவருடன் சேர்ந்து இப்படி 7 பேரைப் பற்றி எழுதினார்.

ராத்தாவை சலப் பரிசோதனை அறிக்கையோடு கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் பெண்நோயியல் நிபுணரிடம் காட்டுங்கள். திடீரென்று அடிவயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வந்தால் சூலகம் முறுக்கியிருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.