எழுந்திருக்க மறுத்த பதினைந்து வயது மாணவி

பஸ்ல காசு கொடுத்து டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் ஒரே உரிமைதானே? 1955-ல் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் அப்படி இல்லை. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

விதி என்ன?
பஸ்ஸின் முன்பக்கம் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டும். காலியாகக் கிடந்தாலும் கறுப்பின மக்கள் அதில் உட்காரக் கூடாது. முன்பக்கம் நிறைந்துவிட்டால், பின்னால் இருப்பவர்கள் எழுந்து இடம் விடணும். ஒரே ஒரு வெள்ளையர் உட்காரணும்னாலும் அந்த வரிசையில் இருக்கிற நாலு பேரும் எழுந்திருக்கணும்! இத்தனைக்கும் அந்த பஸ்களில் போனவர்களில் நாலில் மூன்று பங்கு கறுப்பின மக்கள்தான்.

முதலில் மறுத்தவர் யார்?
ரோசா பார்க்ஸ் பெயர் நிறைய பேருக்குத் தெரியும். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற பள்ளி மாணவி எழுந்திருக்க மறுத்தார். வயசு 15. நம்ம பத்தாம் வகுப்பு அக்காக்கள் வயசுதான்! போலீஸ் அவரை பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கி, கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனது. சின்னப் பெண் என்பது போன்ற காரணங்களால் தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை.

381 நாட்கள்
டிசம்பர் 1-ல் ரோசா பார்க்ஸ் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் யாரும் பஸ் ஏறுவதில்லை என்று முடிவானது. தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போ 26 வயசு.

சரி, வேலைக்கு எப்படிப் போனாங்க? பலர் மைல் கணக்கில் நடந்தார்கள். கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிப் போனார்கள். 45 சென்ட்டுக்குக் குறைவாக வாங்கக் கூடாது என்று நகர நிர்வாகம் தடுத்தது. உடனே சுமார் 300 சொந்தக் கார்களை முறை வைத்து ஓட்டினார்கள். 1956 ஜனவரியில் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அப்பவும் யாரும் பஸ் ஏறவில்லை.

தீர்ப்பு
இதோடு நீதிமன்றத்திலும் ஒரு வழக்கு நடந்தது. வழக்குப் போட்ட நாலு பெண்களில் கிளாடெட்டும் ஒருவர். துணிந்து சாட்சி சொன்னார். 1956 நவம்பர் 13-ல், பஸ்ஸில் இனம் பார்த்துப் பிரிப்பது சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21-ல் மக்கள் பஸ் ஏறி, விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் கிளாடெட் மேல் போட்ட குற்றப் பதிவு நீதிமன்றத்தில் அப்படியே கிடந்தது. அதை அழித்தது 2021-ல்தான். அப்போது அவருக்கு வயது 82!

பஸ்ஸில் மறுத்ததைவிட, யாரும் முன்னிறுத்தாத பிறகும் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னாரே, அதைத்தான் நான் பெரிய தைரியம் என்பேன். நீங்க என்ன சொல்றீங்க?

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்!
1. புறக்கணிப்பு எத்தனை நாள் நடந்தது?
2. டாக்சிக் கட்டணத்தை நகர நிர்வாகம் ஏன் உயர்த்தியது?
3. நடைபயணம், வழக்கு இரண்டில் ஒன்று மட்டும் போதுமா? ஏன்?

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு